பூச்சித் தூண்டிலின் வரலாறும் ஒரு காவிரிக் கரை ஆய்வேடும்: நிகழ்வு ஆய்வு

கும்பகோணத்தை அடுத்த ஒரு கலைக் கல்லூரியில் இளங்கலை வரலாறு இறுதியாண்டு படித்த மாணவர் ஒருவர், ஃப்ளை ஃபிஷிங் எனப்படும் பூச்சித் தூண்டில் முறையின் வரலாற்றைத் தம் ஆய்வேட்டுப் பொருளாக எடுத்துக்கொண்டார். அவருக்கு வழிகாட்டியாக இருந்தவன் என்ற முறையில், அந்த ஆய்வேடு எங்கே தடுமாறியது, எந்தச் சான்றுகளைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ‘பொழுதுபோக்குகளின் வரலாறு’ என்ற பொதுப்பொருளின்கீழ் துறை தந்த பட்டியலில் சடுகுடு, சதுரங்கம், கிரிக்கெட் எல்லாம் இருக்க, இதை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். ‘சின்ன வயசுலேர்ந்து தூண்டில் போடுறவன் சார் நான். பட்டியல்ல எனக்குக் கைப்பழக்கம் உள்ளது இது ஒண்ணுதான்’ என்றார். ஆய்வுக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

முறையை முதலில் விளக்கிவிட வேண்டும். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுகிறது. மண்புழுவோ மாவோ தவளையோ முள்ளை மறைத்திருக்கிறது. தக்கை அமிழ்ந்தால் சுண்டி இழுக்கிறோம். பூச்சித் தூண்டிலில் ஈயமும் இல்லை, இரையும் இல்லை. முள்ளின்மேல் இறகையும் நூலையும் சுற்றி, நீர்ப்பூச்சியைப் போலத் தோன்றும் ஒரு பொய்ப்பூச்சியைக் கட்டுகிறார்கள். அதற்கு எடை என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது என்பதால், கனமான கயிற்றையே தலைக்கு மேல் முன்னும் பின்னுமாக வீசி, அந்தக் கயிற்றின் எடையால் பூச்சியைக் கொண்டுபோய் நீர்ப்பரப்பில் இறக்குகிறார்கள். தெளிந்த, குளிர்ந்த ஓடைகளில் பூச்சிகளைத் தின்று வாழும் டிரவுட் மீனுக்காக வளர்ந்த கலை இது.

மாணவர் கொண்டுவந்த முதல் வரைவில் இரண்டு இயல்கள் இருந்தன. ஒன்று மற்றொன்றை மறுத்தது. முதல் இயல், இணையத்தில் எங்கும் கிடைக்கும் பரம்பரைப் பட்டியல்: 2ஆம் நூற்றாண்டில் மாசிடோனியர் கண்டுபிடித்தனர், 1496இல் ஒரு கன்னிமாடத் தலைவி நூல் எழுதினார், 1653இல் ஐசக் வால்டன் அதை வளர்த்தார், பிறகு வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். இரண்டாவது இயலோ, இதே முறை அவர்களுக்கு முன்பே சங்கத் தமிழரிடம் இருந்தது என்று முழங்கியது. ‘எங்களிடமும் இருந்தது’ என்னும் ஆசை நம் மாணவர்களின் ஆய்வேடுகளில் அடிக்கடி தலைகாட்டுவது. அதை அதட்டி அடக்குவதைவிடச் சான்றின் முன்னால் நிறுத்துவதே பயன் தரும். ஆகவே இரண்டு இயல்களுக்கும் ஒரே விதியை வைத்தோம்: ஒவ்வொரு செய்தியையும் சொன்னவர் யார், அவர் கண்டு சொன்னாரா கேட்டுச் சொன்னாரா, அவர் சொன்னது எதுவரை செல்லும்.

மாசிடோனியச் செய்தியைத் தருபவர் ஏலியன் என்னும் ரோமானிய எழுத்தாளர். கிரேக்க மொழியில் எழுதிய விலங்குகள் பற்றிய தம் நூலின் 15ஆம் பகுதியில், பெரோயாவுக்கும் தெசலோனிக்காவுக்கும் இடையே ஓடும் அஸ்திரேயஸ் என்ற ஆற்றில் புள்ளியுடைய மீன்கள் இருப்பதையும், அவை நீர்மேல் பறக்கும் ஒருவகைப் பூச்சியைத் தாவி விழுங்குவதையும் அவர் விவரிக்கிறார். மனிதக் கை பட்டால் அந்தப் பூச்சியின் நிறம் கெட்டுச் சிறகு வாடிவிடுவதால் மீனவர் அதை இரையாக்க முடியவில்லை. எனவே முள்ளில் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே முளைக்கும் மெழுகு நிற இறகுகள் இரண்டைச் சேர்த்துக் கட்டினர். கோலின் நீளம் 6 அடி, கயிற்றின் நீளமும் அதே அளவு. விவரம் இவ்வளவு துல்லியமாக இருப்பதாலேயே படிப்பவர்கள் இதைக் கண்ணால் கண்ட சாட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஏலியன் ‘கேள்விப்பட்டேன்’ என்றுதான் தொடங்குகிறார். இத்தாலியை விட்டு வெளியே சென்றதே இல்லை என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டதாகவும் ஒரு குறிப்பு உண்டு. மேலும், அவர் சொல்வது மாசிடோனியர் அவ்வாறு மீன்பிடித்தனர் என்பதை மட்டுமே; அவர்களே முதலில் கண்டுபிடித்தனர் என்பது பிற்காலத்தவர் ஏற்றிய சுமை. மாணவர் ‘கண்டுபிடித்தனர்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘இதுவரை அறியப்பட்ட பழைய விவரிப்பு’ என்று எழுதினார்.

1496ஆம் ஆண்டு நூலின் கதை இதைவிடச் சுவையானது. லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் விங்கின் டி வோர்ட் என்ற அச்சகர், வேட்டையும் வேட்டைப் பறவைகளைப் பழக்குவதும் பற்றிய ஒரு நூலின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டபோது, தூண்டில் பற்றிய கட்டுரை ஒன்றை அதில் புதிதாகச் சேர்த்தார். 1486ஆம் ஆண்டின் முதற்பதிப்பில் வேட்டைப் பகுதியின் முடிவில் ஜூலியானா பார்ன்ஸ் என்ற பெண்ணின் பெயர் உண்டு. தூண்டில் கட்டுரையில் எவர் பெயரும் இல்லை. ஒரே அட்டைக்குள் இருந்ததால் வேட்டைப் பகுதியின் பெயர் தூண்டிலுக்கும் பரவியது. பிறகு அவர் சாப்வெல் கன்னிமாடத்தின் தலைவி என்ற வாழ்க்கை வரலாறும் வலுவான ஆவணம் ஏதுமின்றி வந்து ஒட்டிக்கொண்டது. தனிப்பாடல்களை ஔவையார் பெயரிலும் காளமேகம் பெயரிலும் சேர்த்துவைத்துப் பழகிய நமக்கு இந்த வழக்கம் புதிதல்ல என்று மாணவர் அடிக்குறிப்பில் எழுதியிருந்தார். அதை நான் அப்படியே விட்டுவிட்டேன். கட்டுரையின் உள்ளடக்கம் மட்டும் ஐயத்துக்கு அப்பாற்பட்டது: மார்ச் முதல் ஆகஸ்ட் வரைக்கும் உரிய 12 பொய்ப்பூச்சிகளை அது பட்டியலிடுகிறது, குதிரைவால் மயிரைத் திரித்துக் கயிறு செய்வதையும், சிறுமீனுக்கு ஒரே இழை, சால்மனுக்கு 15 இழை என்ற கணக்கையும் சொல்கிறது, உன் நிழல் தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொள் என்றும் எச்சரிக்கிறது. இந்த நிழல் எச்சரிக்கையைத் தனியே குறித்துவைக்கச் சொன்னேன்.

வால்டனைப் பற்றி அதிகம் எழுதத் தேவைப்படவில்லை. 1653இல் வந்த அவரது நூல் புகழ்பெற்றது. ஆனால் பொய்ப்பூச்சிப் பகுதியில் அவர் தாமஸ் பார்க்கர் என்பவருக்குக் கடன்பட்டவர், அந்த முறையின் முழுமையான விளக்கம் 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் சார்லஸ் காட்டன் எழுதிச் சேர்த்த இரண்டாம் பாகத்தில்தான் இருக்கிறது. ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ் 1836இல் பூச்சிகளை இனம்பிரித்துப் படமெழுதியது, பிற்காலத்தில் மிதக்கும் பூச்சிக்காக வாதாடிய ஹால்ஃபோர்டும் நீருக்குள் அமிழும் பூச்சிக்காக வாதாடிய ஸ்கூஸும் மோதியது ஆகியவை இரண்டு பக்கங்களில் அடங்கின.

இனி இரண்டாவது இயல். மாணவர் சான்றாக வைத்தவை நான்கு இடங்கள். நான்கும் உண்மையான இடங்கள்தாம். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து மீனவர் குடியிருப்பில் நெடிய தூண்டில் கோல்களைச் சார்த்திவைத்த குறுங்கூரை வீடுகளையும், நிலவொளியின் நடுவே இருள் கிடந்தாற்போல் மணல் முற்றத்தில் வலை உலர்வதையும் காட்டுகிறது. குறுந்தொகையின் 54ஆம் பாடல், யானை வளைத்துப் பிடித்து, கவண் ஒலிக்கு அஞ்சிக் கைவிட்ட மூங்கில், மீன் கவ்வியதும் மேலே சுண்டும் தூண்டிலைப் போல நிமிர்வதாகச் சொல்கிறது. அந்த உவமையாலேயே பாடிய புலவர் மீனெறி தூண்டிலார் எனப் பெயர் பெற்றார். திருக்குறளின் 931ஆம் குறள், சூதில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டில் முள்ளை மீன் விழுங்குவதற்கு ஒப்பிடுகிறது. ‘தூண்டிற்பொன்’ என்ற தொடரைக் கண்டதும், மின்னும் உலோகத்தால் ஆன போலி இரையே இது என்று மாணவர் முடிவுகட்டியிருந்தார். பரிமேலழகர் உரையைத் திறந்து காட்டினேன்: இரையால் மறைக்கப்பட்ட இரும்பு என்றே அவர் பொருள் கொள்கிறார்.

நான்காவது இடம் பெரும்பாணாற்றுப்படை. பாணன் மூங்கில் கோலில் கயிறு கட்டி, வளைந்த இரும்பில் இரையைப் பொதிந்து போடுகிறான். வாளைமீன் இரையை மட்டும் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது. அதன் பிறகு, நீரோரத்துப் பிரம்பின் நிழல் அலையில் நடுங்குவதைக் கண்டாலும் அந்த மீன் அஞ்சுகிறது. ‘நீர்நணிப் பிரம்பின் நடுங்குநிழல் வெரூஉம்’ என்ற அடியைப் படித்தபோது மாணவர் சற்று நிறுத்தி, ‘இது தூண்டில் போட்டவன் எழுதினது சார்’ என்றார். பட்டினப்பாலையும் இதுவும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்ற ஒரே புலவர் பாடியவை என்பதால், தூண்டிலை இவ்வளவு கூர்ந்து பார்த்தவர் காவிரியின் கழிமுகத்தையும் பார்த்தவர் என்று சொல்ல இடம் உண்டு. ஆனால் இங்கே இருப்பது பொதிந்த இரை, பொய்ப்பூச்சி அல்ல. நான்கு இடங்களும் சேர்ந்து நிறுவுவது, வளையும் மூங்கில் கோலும் இரும்பு முள்ளும் இரை பொதியும் பழக்கமும், மிரண்ட மீனின் இயல்பைப் பற்றிய நுட்பமான அறிவும் தமிழகத்தில் இருந்தன என்பதையே. ஆங்கிலக் கட்டுரையின் நிழல் எச்சரிக்கையும் இந்த அடியும், ஒன்றையொன்று அறியாத இரண்டு கரைகளில், கரையோரம் நின்று மீனைப் பார்த்தவர்கள் தனித்தனியே வந்தடைந்த முடிவுகள். யார் முதலில் என்ற போட்டியைவிட இது பெரிய செய்தி என்பது என் கருத்து. பத்துப்பாட்டை உ.வே.சாமிநாதையர் 1889இல் பதிப்பித்தபோது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார் என்பதை மாணவர் முன்னுரையில் சேர்த்தார்; தேவையில்லை என்றாலும் உள்ளூர்ப் பற்று அவ்வளவுக்காவது இருக்கட்டும்.

இந்த முறை காவிரிப் படுகையில் ஏன் தோன்றவில்லை என்பதே ஆய்வேட்டின் மையக் கேள்வியாக மாறியது. முதல் காரணம் தண்ணீர். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, கல்லணையைக் கடந்து காவிரியிலும் வெண்ணாற்றிலும் பிரிந்து வரும் நீர் வண்டலோடு வரும் கலங்கல் நீர்; நீர்மேல் மிதக்கும் சிறுபூச்சியை ஆழத்திலிருந்து மீன் பார்த்து மேலே வருவது அதில் அரிது. இரண்டாவது மீன். விரால், குறவை, கெளுத்தி, ஆரால், வாளை ஆகியவை பெரும்பாலும் அடியிலும் புதரிலும் இரை தேடுபவை. மூன்றாவது, கரையின் உரிமை. இங்கிலாந்தில் சுண்ணாம்புப் பாறை ஓடைகளின் கரைகள் தனியார் சொத்து. 1822இல் தொடங்கிய ஹௌட்டன் சங்கம் போன்ற பணக்கார அமைப்புகள் ஓடையின் நீளத்தையே தமக்கென வைத்துக்கொண்டு, எந்த முறையில் பிடிக்கலாம், எதில் கூடாது என்று விதி வகுக்க முடிந்தது. இங்கே ஏரி, குளங்களில் மீன்பாசி ஏலம் விடப்படுகிறது. ஏலம் எடுத்தவர் வலை போட்டுக் குத்தகைப் பணத்தை மீட்க வேண்டும். வாய்க்காலில் ஊத்தா என்னும் மூங்கில் கூடைப்பொறியைக் குத்துபவரும் வீச்சுவலை வீசுபவரும் அன்றைய குழம்புக்காக நிற்பவர்கள். வேண்டுமென்றே கடினமான முறையைத் தேர்ந்து மீனைப் பிடிக்கும் விளையாட்டுக்கு, பசியிலிருந்து விலகி நிற்கும் வசதி முதலில் வேண்டும்.

பிரிட்டிஷ் காலத்தைப் பற்றிய பகுதியில்தான் படுகைக்கு நேரடியான இடம் கிடைத்தது. அதுவும் எதிர்பாராத வாசல் வழியாக. 1836இல் பொறியாளர் ஆர்தர் காட்டனின் திட்டப்படி கொள்ளிடத்தில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் எழும்பின. பாசனத்துக்குக் கைகொடுத்த அந்த அணைகள், முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஆற்றில் ஏறிவரும் உள்ளம் மீனின் வழியை மறித்தன. இந்த ஆபத்தைப் பிற்காலத்தில் சுட்டிக்காட்டியவர்களில் காட்டனும் ஒருவர். 1860களின் பிற்பகுதியில் இதை ஆராயும் பொறுப்பு, சென்னைப் படையின் மருத்துவரான பிரான்சிஸ் டேயிடம் வந்தது. இந்திய மீன்கள் பற்றிய அவரது பெருநூல் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியானது. நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர முயன்று தோற்றவரும் அவரே. அங்கே டிரவுட் நிலைபெற்றது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவலாஞ்சிப் பொரிப்பகத்தின் வழியாக. சென்னை மாகாண சிவில் அதிகாரியான எச்.எஸ்.தாமஸ் 1873இல் மங்களூரில் வெளியிட்ட நூல்தான் இந்திய ஆறுகளில் தூண்டில் போடும் வெள்ளை அதிகாரிகளுக்குக் கையேடாக இருந்தது. 1887இல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே அவர் இன்னொரு நூல் எழுதினார். விளையாட்டுக்காகத் தூண்டில் போட்டவர்களே மீன்வளம் குறைவதைப் பற்றியும் உரக்கப் பேசினார்கள். வெடியும் நஞ்சும் வைத்து மீன்பிடிப்பதைத் தடுத்த 1897ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விவாதத்தின் தொடர்ச்சி. அவர்கள் குறை சொன்னது பெரும்பாலும் ஏழை மீனவரின் சிறுகண் வலையையே என்பதையும் மறைக்காமல் எழுதும்படி மாணவரிடம் சொன்னேன்.

பொருள்களின் பயணமும் ஆய்வேட்டில் வந்தது. விக்டோரியா காலத்தில் சால்மனுக்காகக் கட்டிய ஆடம்பரப் பொய்ப்பூச்சிகளுக்கு, தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்திறகு மிகவும் வேண்டப்பட்டது; அந்த இறகின் நுனியில் மெழுகுத் துளிபோல் பளபளக்கும் புள்ளி, ஓடும் நீரில் சிறுமீனின் கண்ணாகத் தோன்றுமாம். பறவை இறகு ஏற்றுமதியை 1902இல் அரசு தடைசெய்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சேவல் ஸ்காட்லாந்து ஆற்றில் நீந்திய கதையை மாணவர் மிகவும் விரும்பி எழுதினார். நீளத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லவேண்டியிருந்தது.

களப்பணிக்காகக் குடமுருட்டிக் கரையில், பல ஆண்டுகளாகத் தூண்டில் போடும் முதியவர் ஒருவரைச் சந்தித்தார். பதிவிலிருந்து ஒரு பகுதி:

‘பொய் இரைக்கு மீன் வருமா பெரியப்பா?’

‘விரால் வரும் தம்பி. இப்ப பசங்க ரப்பர் தவளைதான போடுறானுவ? அதுக்கு அடிக்குதே.’

‘தவளைன்னு நெனச்சா?’

‘எல்லா நேரமும் அப்படி இல்ல. குஞ்சு மேய்க்கிறப்ப அது பசிக்கு வராது, கோவத்துக்கு வரும். செவப்பா குஞ்சு கூட்டம் மேல வரும் பாரு, அதுக்கு அடியிலதான் அது நிக்கும். கிட்ட எது போனாலும் அடிச்சிரும். அப்ப அத புடிச்சிட்டா அந்தக் குஞ்சு அத்தனையும் போச்சு. நான் போடமாட்டேன்.’

இந்த உரையாடல் ஆய்வேட்டின் போக்கையே திருத்தியது. படுகையில் பொய் இரை வழக்கமே இல்லை என்று எழுதியிருந்த வரியை, பூச்சி வடிவப் பொய் இரை இல்லை என்றும், அண்மைக் காலத்தில் ரப்பர் தவளை விராலுக்காகப் பரவியுள்ளது என்றும் மாற்ற வேண்டியதாயிற்று. டிரவுட் பசியால் ஏமாறுகிறது, குஞ்சு காக்கும் விரால் சினத்தால் ஏமாறுகிறது என்ற வேறுபாடு எந்த நூலிலிருந்தும் அவர் எடுத்ததல்ல.

ஏலியன் சொன்ன பூச்சியைக் கட்டிப் பார்க்க வேண்டும் என்பதும் மாணவரின் விருப்பம். நாட்டுக்கோழிக் கடையில் சேவல் இறகு வாங்கி, சிறிய முள்ளைக் குறட்டில் பிடித்துக்கொண்டு, முள்ளின் கழுத்திலிருந்து வளைவு வரை சிவப்புக் கம்பளி நூலை நெருக்கமாகச் சுற்றினார். இறகு இரண்டையும் முதுகில் வைத்து முடிச்சிடும்போது அவை ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் சரிந்தன. நூலில் மெழுகு தடவிய பிறகே நின்றன. 6 அடி மூங்கிலும் 6 அடிக் கயிறுமாக, மாசி மாதத்தில் நீர் வற்றித் தெளிந்திருந்த ஒரு கிளை வாய்க்காலில் போட்டோம். கெண்டைகள் மேலே வந்து முட்டின, ஒன்று வாயில் வாங்கி உடனே துப்பியது, எதுவும் மாட்டவில்லை. இதிலிருந்து மாசிடோனியாவைப் பற்றி எதுவும் நிறுவ முடியாது. ஆனால் அந்த நீளத்தில் கோலும் கயிறும் இருந்தால் 12 அடிக்கு அப்பால் எட்டாது என்பதும், வெயில் முதுகில் அடிக்கும் கரையில் நின்றால் மீன்கள் கலைந்து ஓடுகின்றன என்பதும் தெளிவாகத் தெரிந்தன. பழைய நூல்கள் நிழலுக்கு அஞ்சியதன் காரணம் கோலின் நீளத்திலேயே இருக்கிறது. இன்றைய முறையில் கயிற்றை வெகுதூரம் வீசலாம் என்பதால் அந்த அச்சம் குறைந்துவிட்டது. இந்த வரி ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் இடம்பெற்றது.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர், காவிரியின் மேற்பகுதியில் வாழும் பெரிய மகசீர் மீனையும் அதைத் தேடிவந்த வேட்டையாளர்களையும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார். அந்த மீன் படுகைக்கு உரியதல்ல, அதைப் பெரும்பாலும் ராகி உருண்டையும் கரண்டி வடிவ உலோகப் பொய் இரையும் போட்டுப் பிடித்தார்கள் என்று மாணவர் பதிலளித்தார். 2018இல் அது அழிவின் விளிம்பில் உள்ளதாக அறிவிக்கப்பட்டதை ஓர் அடிக்குறிப்பிலாவது சேர்க்க வேண்டும் என்று தேர்வாளர் வற்புறுத்தினார், சேர்க்கப்பட்டது. வாய்க்கால் சோதனையைப் பின்னிணைப்புக்கு மாற்றச் சொன்னதும் ஏற்கப்பட்டது. முதியவரின் பதிவு அவருடைய ஒப்புதலோடு துறை நூலகத்தில் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அடுத்த ஆண்டு கீழணையில் உள்ளம் மீனின் வழி மறிபட்டதைப் பற்றி எழுத ஒரு மாணவி பெயர் கொடுத்திருக்கிறார்.